லிஃப்ட் ரிப்பேரா சார்?

எங்கள் அப்பா அம்மாவுக்கு நாங்கள் ஆறு பிள்ளைகள். ஆகவே அவர்கள் ஆயுசில் மொத்தம் ஆறு தடவைதான் என்று கல்லூரி முடிக்கிற வரைக்கும் மனசார நம்பியவன் நான். பி.காம்., முதல் வகுப்பு. கணக்கில் கெட்டி என்று தெருவே சொல்லும்.

அப்படிப்பட்ட கணக்குப்புலிக்கு இப்போது 66 வயது. வங்கியில் ஓய்வு கொடுத்தபோது சால்வை போட்டார்கள், சந்தன மாலை போட்டார்கள். 'அந்த விஷயத்தில்' மட்டும் யாரும் ஓய்வு கொடுக்கவில்லை, நானே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டேன். எந்த விஷயம் என்று கேட்காதீர்கள். உங்களுக்குத் தெரியும். தெரியாத மாதிரி முகத்தை வைத்துக்கொள்வதில் நாம் எல்லோரும் ஒரே பேட்ச்.

சொல்லித்தர ஆளே இல்லை என்றும் புலம்ப முடியாது. 2000-ஐ ஒட்டிய வருஷங்களில் விஜய் டிவியில் டாக்டர் மாத்ருபூதம் 'புதிரா புனிதமா' என்று ஒரு நிகழ்ச்சி நடத்தினார். ஊரே வெட்கப்பட்ட சங்கதிகளை மனுஷர் சிரித்துக்கொண்டே விளக்குவார். நானும் பார்த்தேன். பிள்ளைகள் விழித்துவிடுவார்களே என்று வால்யூமை அடியோடு குறைத்துவிட்டுப் பார்த்தேன். ஆகவே டாக்டரின் உதட்டசைவு எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

நாங்கள் தனித்தனியாகப் படுக்க ஆரம்பித்தது எப்போது? தேதி சொல்ல முடியாது. சண்டை கிடையாது, சபதம் கிடையாது. பெங்களூரில் இருந்து பேரன் வந்தால் "தாத்தா பாட்டி நடுவுலதான்" என்பான். அவன் ஊருக்குப் போன பிறகும் நடுவில் அந்த இடம் காலியாகவே கிடந்தது. ரயிலில்கூட ஆள் வரவில்லையென்றால் டிடிஇ அந்த பெர்த்தை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார். நாங்கள் கொடுக்கவில்லை.

அப்புறம் ஏசி. எனக்கு 24 வேண்டும், அவளுக்கு 28. அப்புறம் என் குறட்டை. ஒருநாள் தலையணையை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போனாள். "இன்னிக்கு மட்டும்" என்றாள். அந்த 'இன்னிக்கு' வருஷக்கணக்கில் ஓடிக்கொண்டிருந்தது.

இப்படித் தனியாகக் கிடந்து ஒரு ராத்திரி போனை நோண்டியபோதுதான் அந்த ஆய்வு கண்ணில் பட்டது. 2007-ல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் வந்தது. அமெரிக்காவில் 57 முதல் 85 வயது வரையுள்ள 3,005 பேரை வீடு தேடிப்போய்க் கேட்டிருக்கிறார்கள்: கடந்த ஒரு வருஷத்தில் தாம்பத்தியம் உண்டா, இல்லையா? நம் ஊரில் இப்படி ஒரு கேள்வியோடு வந்தால் கதவைத் திறப்போமா? ஜனத்தொகைக் கணக்கெடுக்க வரும் டீச்சரையே கிரில் கேட்டுக்கு அந்தப் பக்கம் நிற்க வைத்துப் பேசுகிறவர்கள் நாம்.

அவர்கள் திறந்திருக்கிறார்கள். 57 முதல் 64 வரை உள்ளவர்களில் 73 சதவீதம் பேர் 'உண்டு' என்றார்கள். 65 முதல் 74 வரை 53 சதவீதம். வங்கிக்காரன் புத்தி, உடனே என் ஸ்லாப் எது என்று பார்த்தேன். மீதி 47-ல் பத்திரமாக இருந்தேன். அதுகூடப் பரவாயில்லை. 75-ல் இருந்து 85 வரைக்கும் உள்ள தாத்தா பாட்டிகளிலேயே 26 சதவீதம், அதாவது நாலில் ஒருத்தர் பாஸ். அதுதான் என் தூக்கத்தைக் கெடுத்தது.

அந்த நேரம் பார்த்து அவள் தண்ணீர் குடிக்க எழுந்து வந்தாள். சட்டென்று ராசிபலனுக்குத் தாவினேன். "என்னங்க போட்டிருக்கு?" என்றாள். "கன்னிக்கு அலைச்சலாம்" என்றேன். அவளும் கன்னி ராசிதான். பேசாமல் போய்ப் படுத்துவிட்டாள்.

எனக்கு சர்க்கரை உண்டு. பிபியும் உண்டு. நீண்டநாள் சர்க்கரை நரம்பையும் ரத்தக்குழாயையும் தேய்த்துவிடும், அதனால் ஆண்களுக்கு 'அங்கே' தகராறு வரும், சில பிபி மாத்திரைகளும் தங்கள் பங்குக்குக் கைவரிசை காட்டும் என்பதெல்லாம் பின்னால் தெரிந்துகொண்டது. அப்போது எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: வயசாகிவிட்டது, கடையைச் சாத்து.

டாக்டரைக் கேட்டிருக்கலாம். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை போகிற இடம்தானே. டாக்டரம்மா என் மகள் வயது. கண்ணைப் பார்ப்பார், காலைப் பார்ப்பார், கடைசியில் பேனாவை வைத்துவிட்டு "வேற ஏதாவது பிரச்சினை இருக்கா சார்?" என்று நிதானமாகக் கேட்பார். அப்படிக் கேட்டதன் அர்த்தம் எனக்கும் புரியும். ஒருமுறை வாயைத் திறந்தேவிட்டேன். வெளியே வந்த வார்த்தை, "கேஸ் ட்ரபிள்."

சாப்பாட்டுக்கு முன் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். இல்லாத கேஸுக்கு மாசக்கணக்கில் சாப்பிட்டேன். சும்மா சொல்லக்கூடாது, நல்ல மாத்திரை.

அதே அமெரிக்க ஆய்வில் ஐம்பது வயசுக்கு மேல் டாக்டரிடம் இதைப் பற்றி வாய் திறந்த ஆண்கள் 38 சதவீதம், பெண்கள் 22 சதவீதம். வெள்ளைக்காரர்கள் எல்லாவற்றையும் தைரியமாகப் பேசுவார்கள் என்று நினைத்திருந்தேன். அங்கேயும் பெரும்பான்மைக் கட்சி எங்கள் கேஸ் ட்ரபிள் கட்சிதான்.

டாக்டரிடம் சொல்ல முடியாததை யாரிடம் சொல்வோம்? வாக்கிங் கோஷ்டியிடம் சொல்வோம். அதுவும் நேராகச் சொல்ல மாட்டோம், "என் ஃபிரண்டு ஒருத்தருக்கு" என்று ஆரம்பிப்போம். எங்கள் கோஷ்டியில் அந்த 'ஃபிரண்டு' எல்லோருக்கும் இருந்தார். ஒருவர் லேகியம் என்றார். ஒருவர் பாதாம் பிசின் என்றார். ஒருவர் காலையில் டிவியில் சோபா போட்டு உட்கார்ந்து பேசும் வைத்தியர்களின் பார்சலை வாங்கி, சக்கையாக ஏமாந்த கதையைச் சொன்னார். அவருடைய ஃபிரண்டு ஏமாந்த கதை, மன்னிக்கவும்.

கடைசியில் எல்லோரும் கைகுலுக்கி ஒத்துக்கொண்ட மருந்து முருங்கைக்காய். 1983-ல் 'முந்தானை முடிச்சு' எடுத்து, பாக்யராஜ் இந்த அப்பாவிக் காய்க்குக் கொடுத்த பெயர் இன்னும் போகவில்லை. தென்னூர் உழவர் சந்தையில் நான் கட்டுக்கட்டாக வாங்க ஆரம்பித்தேன். திங்கள் சாம்பார், செவ்வாய் காரக்குழம்பு, புதன் கூட்டு. கடைக்கார அம்மா என்னைத் தூரத்தில் பார்த்ததுமே காயை எடுத்து ஒடித்துக் காட்டுவார். முகத்தில் ஒரு சிரிப்பு. அதை வியாபாரச் சிரிப்பு என்று எடுத்துக்கொண்டேன்.

வீட்டில் அவள் ஒன்றும் சொல்லவில்லை. மென்று போட்ட சக்கை மட்டும் தட்டோரம் குவிந்தது. நடந்தது என்னவென்றால் நார்ச்சத்து. காலைக்கடன் அவ்வளவு ஒழுங்காக ஆகிவிட்டது. வேறெந்தக் கடனும் அடையவில்லை.

அந்தப் படத்தை நானும் அவளும் சேர்ந்துதான் தியேட்டரில் பார்த்தோம் என்பது எனக்கு மறந்தே போயிருந்தது. அவளுக்கு மறக்கவில்லை.

இதற்கிடையில் கோஷ்டியில் ஒருவர் சட்டைப்பையில் இருந்து ஒரு மாத்திரையை எடுத்து, கோயில் விபூதி கொடுக்கிற பவ்யத்தோடு என் உள்ளங்கையில் வைத்தார். அந்த நீல மாத்திரைதான். அதன் சரித்திரம் சுவாரஸ்யமானது. இங்கிலாந்தில் சாண்ட்விச் என்ற ஊரில் ஃபைசர் கம்பெனி நெஞ்சுவலிக்காகத் தேடிய மருந்து சில்டெனாஃபில். நெஞ்சுவலிக்குச் சுமாராகத்தான் கேட்டது. பக்கவிளைவாக வேறொன்று நடந்தது. 1998 மார்ச்சில் அமெரிக்க அரசு அந்தப் பக்கவிளைவுக்கே அனுமதி கொடுத்தது. தலைப்பை விட்டுப் பக்கவாட்டில் ஜெயித்த மருந்து.

இந்தச் சரித்திரமெல்லாம் படித்தேன். டப்பாவில் எச்சரிக்கை என்று என்ன போட்டிருக்கும் என்று மட்டும் படிக்கவில்லை. அவர் டப்பா கொடுக்கவில்லையே. ஒளித்துவைக்க இடம் தேடி, என்னுடைய வாராந்திர மாத்திரை டப்பாவில், சனிக்கிழமை ராத்திரி அறையில், பிபி மாத்திரைக்கு அடியில் வைத்தேன். அந்த டப்பாவை வாராவாரம் நிரப்புவது யார் என்பதை யோசித்திருக்க வேண்டும்.

என் வீட்டுக்காரி ஓய்வு பெற்ற தமிழாசிரியை. விடைத்தாளில் ஒற்றுப்பிழையைக் கண்டுபிடிக்கிற கண் அது. "இது என்னங்க புதுசா இருக்கு?" என்று என்னைக் கேட்கவில்லை. போட்டோ எடுத்து, மருந்துக்கடை வைத்திருக்கும் தன் தம்பிக்கு அனுப்பினாள். ஒரு நிமிஷத்தில் போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டாள்.

"அக்கா, மாமாகிட்ட குடு."

"சொல்லுடா, கேட்டுட்டுதான் இருக்காரு."

"மாமா... பர்ஸ்ல இன்னும் சார்பிட்ரேட் வச்சிருக்கீங்களா?"

வைத்திருந்தேன். ஒருசமயம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டது. நாக்குக்கு அடியில் வைத்துக்கொள்ளச் சொல்லி அப்போது கொடுத்தது. "அதுவும் இதுவும் ஒண்ணா உள்ள போச்சுன்னா பிபி அதலபாதாளத்துக்குப் போயிடும் மாமா. ஆளையே தூக்கிடும். டாக்டர் எழுதாம இதைத் தொடாதீங்க" என்றான். பிறகு குரலைத் தாழ்த்தி, "இன்னொண்ணு, இதைப் போட்டுட்டு நியூஸ் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தா ஒண்ணும் நடக்காது. மனசுல ஆசை இருந்தாதான் வேலை செய்யும்" என்றான். குரலைத் தாழ்த்தி என்ன பிரயோஜனம், ஸ்பீக்கரில் அல்லவா இருந்தான்.

போனை வைத்தாள். எனக்கு மாத்திரை போடாமலேயே பிபி இறங்கிக்கொண்டிருந்தது. திட்டுவாள் என்று பார்த்தேன். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். "முருங்கைக்காய் வாங்கினப்பவே தெரியும். எங்கதான் போய் நிக்கப் போறீங்கன்னு பார்த்துட்டிருந்தேன்."

"தெரிஞ்சா கேட்டிருக்கலாம்ல?"

"நீங்க சொல்லியிருக்கலாம்ல?"

அதற்கப்புறம் அவள் சொன்னதுதான் எனக்குப் பாடம். மாதவிலக்கு நின்ற பிறகு வலித்திருக்கிறது. நம் ஊர்ப் பெண்களுக்கு சராசரியாக 46, 47 வயசிலேயே நின்றுவிடுகிறது. ஈஸ்ட்ரோஜன் குறைந்ததும் அந்த இடம் வறண்டுவிடுமாம், தோல் மெலிந்துவிடுமாம். ஆசை இருந்தாலும் வலிக்குமாம். அதனால் ஒதுங்கினாள். அவள் ஒதுங்கியதும் நான் ஒதுங்கினேன். நான் ஒதுங்கியதைப் பார்த்து, "இவருக்கு நம்மைப் பிடிக்காம போச்சு" என்று முடிவு கட்டியிருக்கிறாள். நானோ அவள் வெள்ளிக்கிழமை விளக்கு பூஜையைப் பார்த்து, சரி, பக்தி மார்க்கத்தில் போய்விட்டாள் என்று மரியாதையோடு தள்ளி நின்றேன். இப்படி இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் வழிவிட்டே வருஷங்கள் போயிருக்கின்றன.

அந்த ஆய்விலும் இது இருக்கிறது. தாம்பத்தியத்தில் இருந்த பெண்களில் 39 சதவீதம் பேருக்கு வறட்சித் தொல்லை, ஆண்களில் 37 சதவீதம் பேருக்கு எழுச்சித் தொல்லை. ஏறக்குறைய சமம். எங்கள் வீட்டில் பொருத்தம் பார்த்துக் கட்டிவைத்த ஜோசியரை இந்த ஒரு விஷயத்தில் குறை சொல்ல முடியாது.

அவள் என்னைப்போல் கேஸ் ட்ரபிள் கட்சி இல்லை. லேடி டாக்டரிடம் நேராகவே கேட்டு, ஈஸ்ட்ரோஜன் க்ரீம் ஒன்று வாங்கி வந்திருக்கிறாள். என்ன செய்ய, வாங்கி வந்த கொஞ்ச நாளில் ட்யூப் காலியாகிவிட்டதாம். "நான் அவ்வளவு போடவேயில்லையே" என்றாள். எனக்குச் சுரீரென்றது. பாத்ரூம் அலமாரியில் வெள்ளை ட்யூப். கண்ணாடி போடாமல் எடுத்து, என் பித்தவெடிப்புக்குத் தினமும் தடவிக்கொண்டிருந்தேன்.

ஆக எங்கள் வீட்டில் இளமை திரும்பியது என் குதிகாலுக்கு மட்டும்.

அடுத்த செக்கப்புக்கு அவளும் வந்தாள். அவளே கேட்டாள். நான் சுவரில் ஒட்டியிருந்த சர்க்கரைப் பாதப் படத்தை அக்கறையாகப் படித்துக்கொண்டிருந்தேன். டாக்டரம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னார்: அந்த இடத்துக்குப் போகிற ரத்தக்குழாய் இதயத்துக்குப் போவதைவிடச் சின்னது. அடைப்பு வர ஆரம்பித்தால் அங்கேதான் முதலில் தெரியும். நெஞ்சில் தெரியச் சில வருஷம் பிடிக்கும். "உடம்பு முன்கூட்டியே மணி அடிக்குது சார். நீங்க அதை கேஸ்னு சொல்லிட்டீங்க" என்றார். கோபமில்லாமல்தான் சொன்னார். அதுதான் ரொம்ப உறைத்தது.

கையோடு டிரெட்மில் டெஸ்ட் எழுதினார். காதலைத் தேடிப் போனவனை மார்பில் ஒயர் ஒட்டி ஓடவிட்டார்கள். ரிப்போர்ட் பயப்படுகிற மாதிரி இல்லை. ஒரு பிபி மாத்திரையை மாற்றினார். நடுவில் கேட்டேன், கேட்டது நானேதான்: "இந்த வயசுல ஹார்ட் தாங்குமா?" மூச்சு வாங்காமல் இரண்டு மாடி ஏற முடிந்தால் போதும் என்றார்.

எங்கள் ஃபிளாட் சரியாக இரண்டாவது மாடி. அன்று முதல் படியில்தான் ஏறுகிறேன். முதல் மாடி வளைவில் மூச்சு வாங்க நிற்கும்போது பார்க்கிறவர்கள் எல்லோரும் "லிஃப்ட் ரிப்பேரா சார்?" என்று கேட்கிறார்கள். அசோசியேஷன் செயலாளர் மெக்கானிக்கையே வரவழைத்துவிட்டார்.

டாக்டரம்மா இன்னொன்றும் சொன்னார். மாஸ்டர்ஸ், ஜான்சன் என்று இரண்டு அமெரிக்கர்கள் 1970-லேயே எழுதிவைத்த பயிற்சியாம். சும்மா தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். கை, தோள், முதுகு. அதற்குமேல் எதையும் எதிர்பார்க்கக் கூடாது. எனக்குப் பிடித்திருந்தது. வாரத்துக்கு எத்தனை நாள், எத்தனை நிமிஷம் என்று டைரியில் கட்டம் போட்டேன். அவள் எட்டிப் பார்த்தாள். "இதுக்கும் டார்கெட்டா?"

முதல் நாள் சோபாவில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். தாலி கட்டிய காலத்துக் கை இல்லை, நரம்பு எழும்பியிருக்கிறது, வளையல் தளர்ந்திருக்கிறது, கட்டைவிரலில் கத்திக்காயத் தழும்பு. அந்தத் தழும்பை எப்போது பார்த்தேன் என்றே ஞாபகம் இல்லை. "இது எப்போ?" என்றேன். "நீங்க மேனேஜர் ஆன வருஷம்" என்றாள். ஏதோ உருக்கமாகச் சொல்ல வாயைத் திறந்தேன். கண் விழித்தபோது சீரியல் முடிந்து டெலிஷாப்பிங் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு பேருக்கும் கழுத்து பிடித்துக்கொண்டது.

தமிழாசிரியை இல்லையா, ஒருநாள் ஆரம்பித்தாள். திருக்குறளில் கடைசி 25 அதிகாரம், 250 குறள், முழுக்க இதுதான். ரிட்டயர் ஆகும்வரை குறள் நடத்தினேன், ஒரு வருஷமாவது அது போர்ஷனில் வந்ததுண்டா என்றாள். பாரதிதாசன் 'குடும்ப விளக்கு' ஐந்து பாகம் எழுதினார், ஐந்தாவது பாகத்துக்குப் பெயரே 'முதியோர் காதல்', அதை யாராவது படிக்கிறார்களா என்றாள். நான் கல்லூரியில் 'குடும்ப விளக்கு' பற்றி எட்டு மார்க் கேள்விக்குப் பதில் எழுதியவன். முதல் பாகத்தோடு நிறுத்திவிட்டேன் என்று எப்படிச் சொல்வது? தலையை ஆட்டினேன். வள்ளுவர் ஊடலுக்கு மட்டும் மூன்று அதிகாரம் ஒதுக்கியிருக்கிறார் என்று சொல்லிக்கொண்டே ஏசியை 28-ல் வைத்தாள்.

ராத்திரியைவிட விடிகாலை தேவலை என்பது எங்கள் அனுபவம். ராத்திரி மாத்திரை, மூட்டுவலித் தைலம், அசதி எல்லாம் சேர்ந்துவிடுகிறது. காலையில் உடம்பு புதுசாக இருக்கிறது. ஆனால் காலையில்தான் ஊரே நம் வீட்டு மணியை அடிக்கிறது. பால், பேப்பர், குப்பை வண்டி. ஒருநாள் எல்லாம் கூடி வந்த நேரத்தில் சிலிண்டர் வந்தது. அவசரமாகச் சட்டையை மாட்டிக்கொண்டு போனேன். ஓடிபி கேட்டார். போன் எங்கே? கட்டிலில், தலையணைக்கு அடியில். அவளைக் கேட்டால் பதில் இல்லை, போர்வைக்குள் சிரிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. சிலிண்டர்காரர் என் சட்டையையே பார்த்தார். திருப்பிப் போட்டிருந்தேன்.

காது இன்னொரு பிரச்சினை. படுக்கும்போது காது மிஷினைக் கழற்றிவிடுவேன். அவள் ரகசியமாக ஏதோ சொன்னாள். "என்ன?" என்றேன். மறுபடி சொன்னாள். "கேக்கலைம்மா, சத்தமாச் சொல்லு." சொன்னாள். அடுத்த ஃபிளாட்டில் நாய் குரைத்தது. அது என்ன வார்த்தை என்று எழுத மாட்டேன். நாய்க்குத் தெரிந்தது போதும்.

மற்றபடி அந்த ஆய்வின் 53-ல் நான் இருக்கிறேனா, 47-ல் இருக்கிறேனா என்பதை யாராவது வீடு தேடி வந்து கேட்டால் சொல்கிறேன். முருங்கைக்காய் வாங்குவதைக் குறைத்துவிட்டேன் என்பது வரை பொதுவெளியில் சொல்லலாம். கடைக்கார அம்மா "என்ன சார், உடம்பு சரியில்லையா?" என்று விசாரித்தார்.

பிள்ளைகளுக்குத்தான் இது ஜீரணமாகாது. போன தடவை மகன் வந்திருந்தபோது டிவியில் 'வீட்ல விசேஷம்' போட்டான். 2022-ல் வந்த படம். கல்யாண வயசுப் பிள்ளையை வைத்துக்கொண்டு ஊர்வசி கர்ப்பமாகிவிடுவார், சத்யராஜ் அசடு வழிவார். மருமகள் ரசித்துப் பார்த்தாள். என் மகன் தண்ணீர் குடிக்கப் போனவன் இடைவேளை வரை வரவில்லை. ஆறு பிள்ளை, ஆறு தடவை என்று கணக்குப் போட்டவனின் மகன் அல்லவா. அவன் கணக்கில் எங்களுக்கு இரண்டு.

அவனேதான் நேற்று போன் செய்தான். பள்ளிக்கூடம் லீவாம், பேரனை ஒரு மாசம் எங்களிடம் விடுகிறானாம். "உங்க ரூம்லதான்பா படுப்பேன்னு அடம் பிடிக்கிறான்." சந்தோஷம்தான். ஆனால் அந்த நடு பெர்த்? அவளைப் பார்த்தேன். அவள் கூரையைப் பார்த்தாள். எனக்குச் சமயோசிதம் போதாது, இருந்தாலும் பொய் வந்தது: "எங்க ரூம்ல ஏசி ரிப்பேர்டா. குழந்தைக்கு வேர்க்கும். அவன் அடுத்த ரூம்லயே படுக்கட்டும்."

"ஏன்பா முன்னாடியே சொல்லலை?" என்று பதறினான். பத்து நிமிஷத்தில் மெசேஜ் வந்துவிட்டது. ஆன்லைனில் பணம் கட்டிவிட்டானாம், நாளைக் காலை ஆறரைக்கெல்லாம் மெக்கானிக் வந்துவிடுவாராம்.